ஆறு மணி

தேத்னுவுக்கு இக்கரை நார்வே, அக்கரை பின்லாந்து.
அக்கரைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும்.

எங்கள் கைபேசிகளுக்கு எல்லைக்கோடு தெரியாது.
எந்த சிக்னல் ஓங்கி ஒலிக்கிறதோ
அதுவே அவற்றுக்குத் தாய்நாடு.
என் சமையலறையில் ஏழு மணி,
படுக்கையறைக்குப் போனால் எட்டு.
பள்ளிப் பேருந்துக்கு மட்டும்
சுவர்க் கடிகாரத்தை நம்புகிறோம்.

நான் டவர் பார்ப்பவள்.
பதினோரு குளிர்காலமாக
ஆன்டெனாவில் உறையும் பனியைத்
தட்டித் தட்டி உதிர்க்கிறேன்.
பயிற்சியில் சொன்ன பலவும் மறந்துவிட்டன.
ஹேண்டோவர் மறக்கவில்லை.
பிடித்த கையை விடுமுன்னே
அடுத்த கையைப் பற்றுவது ஒரு வகை.
விட்டுவிட்டுப் பற்றுவது இன்னொரு வகை:
நடுவே ஓர் இமைப்பொழுது
யார் கையிலும் இல்லை.
ஹெய்க்காவும் நானும் பிரிந்தது இரண்டாவது வகை.
அந்த இமைப்பொழுது
நான்கு வருடம் எடுத்துக்கொண்டது.
அவன் அக்கரைக்குப் போய்விட்டான்.

ஜனவரியில் ஓர் இரவு
தபால்காரன் நீல்லாஸ் வீடு திரும்பவில்லை.
ஆற்றின் மேலேதான் ஸ்கூட்டர் ஓட்டிப் போனான்;
குளிர்காலத்தில் எங்களுக்கு அதுதான் சாலை.

அழைத்தோம். மணி போனது. எடுக்கவில்லை.
மீண்டும் அழைத்தோம்.
எங்கே இருக்கிறது என்று தெரியாத கைபேசியை
ஊரிலுள்ள எல்லா டவரும் ஒன்றாகக் கூவித் தேடும்.
பேஜிங் என்பார்கள்.
பெயரைக்கூட இல்லை, ஓர் எண்ணை.
தூங்கும் கைபேசி
நொடிக்கொரு தரம் ஒற்றைக் காதைத் திறக்கும்,
தன் எண் இல்லையென்றால் மறுபடி கண்ணயரும்.
அவனுடையது கேட்டது,
விழித்தது, பதிலும் சொன்னது.
அவன்தான் சொல்லவில்லை.

ஒன்பது நாற்பது வரை எங்கள் டவரில் இருந்தான்.
அலை போய்வரும் நேரத்தை அளந்தால்
தூரம் கிடைக்கும்.
திசை கிடைக்காது: எங்களுடையது ஒற்றைக்கொம்பு டவர்,
எட்டுத் திக்குக்கும் ஒரே குரல்.
வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டேன்.
பிறகு அவனை அக்கரை டவர் வாங்கிக்கொண்டது.
அந்த வட்டத்தைக் கேட்டு
ஓலு நகரத்துக்குப் போன் செய்தேன்.
இரவுப் பணியிலிருந்த வெய்க்கோ
மரியாதையாக, மிக மெதுவாகச் சொன்னான்,
போலீஸ் கடிதம் வேண்டும் என்று.
கடிதம் வர நாற்பது நிமிடம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

இரண்டு வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டன.
மேலாற்றில் ஒன்று, கீழாற்றில் ஒன்று.
நார்வேக்காரர்கள் மேலே போனோம்.
அக்கரையிலிருந்து ஒரு விளக்கு ஆற்றுக்குள் இறங்கியது.
ஸ்கூட்டர் நிற்கும் தோரணையிலேயே தெரிந்தது,
ஹெய்க்கா.
தலையசைத்தான். நானும்.

தேடினோம். வில்லோப் புதர், பனிமேடு,
மீண்டும் புதர்.
காற்று எல்லாத் தடத்தையும் அழித்திருந்தது.
ஐந்தாகப் போகிறது, கீழாற்றுக்குப் போகலாம்
என்றார் குழுத்தலைவர்.
எஞ்சின்களைக் கிளப்பினோம்.
ஹெய்க்காவினுடையது மட்டும் கிளம்ப மறுத்தது;
அவனுக்காக மற்றவர்களும் அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

அப்போது கேட்டது.
கரைச்சரிவின் அடியில், பனிக்குள்ளிருந்து,
மகா அசிங்கமான ஒரு சேவல் கூவல்.

நீல்லாஸ் வைத்திருந்த ஆறு மணி அலாரம்.
கைபேசியை சைலன்ட்டில் போட்டிருந்தான்;
எங்கள் அழைப்பெல்லாம் அவன் உள்சட்டைப் பைக்குள்
வெறுமனே அதிர்ந்து அடங்கியிருக்கிறது.
அலாரத்துக்கு அந்த விதி இல்லை.
எங்கள் கரையில் மணி ஐந்து.
அவன் பைக்குள் பின்லாந்து.

எங்கள் டவர் கொஞ்சம் பலமாக இருந்திருந்தால்
அந்தச் சேவல் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கியிருக்கும்.
எத்தனை வருடமாக மனு எழுதுகிறேன்,
அதன் பலத்தைக் கூட்டித் தாருங்கள் என்று.

உடைந்த கால், இரண்டு விரல் போயிற்று,
ஆள் பிழைத்தான்.
தபால் பையைக் கேட்டானாம், கண் விழித்ததும்.

விடிய நெடுநேரம் இருந்தது.
ஹெய்க்காவின் ஸ்கூட்டரை என்னுடையதில் கட்டி
இழுத்து வந்தேன்.
நடு ஆற்றில் நிறுத்தி
இருவரும் கைபேசியைப் பார்த்தோம்.
அவனுடையதில் ஏழு.
என்னுடையதில் ஆறு.
யாரும் யாரையும் திருத்தவில்லை.