புகைபோக்கி வழியே போன விறகு

முதல் இரவே தெரிந்துவிட்டது,
நாங்கள் காய்ச்சுவது பதநீரை அல்ல,
ஊத்தான் மெலிந்தாங் வானத்தை.

புகைபோக்கித் தகரம்
முழங்கை உயரத்துக்குச் சிவந்து நின்றது.
ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன்,
தொடுமுன்பே காணோம்.
சட்டியிலோ
அரசாங்க அலுவலகத்தில் கொட்டாவி விடுவதுபோல்
இங்கொன்றும் அங்கொன்றுமாய்க் குமிழி.

பதினெட்டு வருஷம் செம்பனை ஆலையில்
பாய்லருக்குத் தீனி போட்டவன் நான்.
ஆலையை மூடியபோது கையில் தந்தது
ஒரு கடிகாரம், ஒரு சான்றிதழ்.
இடது காதில் இன்னும் நிற்காத விசில்
கணக்கில் வராதது.
இவ்வளவு இருந்தும் என் கொல்லையில்
முக்கால்வாசி விறகு மேலே போய்க்கொண்டிருந்தது.

பதநீர் காத்திருக்காது.
ரத்தினவேலு விடியலில் இறக்கும் நூற்றிருபது லிட்டர்
சுண்ணாம்புக்குப் பயந்து பத்து, பதினோரு மணிவரை இனிக்கும்.
பிறகு கள்ளுக்கடைப் பக்கம்
தானாகவே நடக்கத் தொடங்கிவிடும்.
ஒன்பது மணி நேரம் காய்ச்சினால்
கடைசி வாளிகள் புளித்துவிடும்.
சிந்தாமணி அவற்றை வாய்க்காலில் ஊற்றும்போது
என்னைப் பார்க்க மாட்டாள்.
பார்த்திருக்கலாம்.

விறகிலிருந்து ஆரம்பித்தேன்.
மறுநடவுக்குச் சாய்த்த கித்தாக் கட்டை,
லோரியிலிருந்து இறங்கும்போதே பிசுபிசுவென்று ஈரம்.
ஈரக் கட்டையை எரிப்பதென்றால்
கட்டைக்குள் இருக்கும் தண்ணீரையும் சேர்த்துச்
சும்மா காய்ச்சுவது.
தகரக் கூரைக்கடியில் நான்கு மாதம் அடுக்கினோம்,
மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து.
(யார் மணிக்கட்டு என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை.
அவளுடையது ஜெயித்தது. அதுதான் சரியான அளவும்கூட.)

சட்டிக்கடியில் செங்கல்லால் ஒரு மேடு,
நெருப்பு நேரே ஓடிப்போகாமல்
சட்டியின் வயிற்றை உரசிக்கொண்டு போக.
கதவு இடுக்குக்குக் களிமண்.
பழைய சாகா காரின் காற்றாடி,
ஹாப் லியோங் இரும்புக்கடைத் தவுக்கே
பன்னிரண்டு வெள்ளிக்குத் தந்தார்,
எதற்கென்று மூன்று முறை கேட்டுவிட்டு.
ஏர்கோன் செம்புக்குழாய்,
புகைபோக்கியைச் சுற்றி ஏழு சுற்று.
பதநீர் அதில் சூடேறி வந்து சொட்டும்,
பந்தி நடுவே சத்தமில்லாமல் உட்காரும் சொந்தக்காரர்போல்.
கொதி கலையவே கலையாது.

எல்லாம் பொருந்திய அன்று
சட்டி முழுக்க ஒரே நுரை.
பக்கத்து வீட்டு ரோஹானி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
காற்றாடியைக் காட்டினேன், குழாயைக் காட்டினேன்,
பாய்லர் காலத்துக் கதை ஒன்றையும் தொடங்கினேன்.
பழைய நெருப்புக்கு என் அரட்டை பழக்கம்,
காத்திருக்கும்.
இது காத்திருக்கவில்லை.
மட்டம் ஓர் அங்குலத்துக்குக் கீழே இறங்கி
பதினேழு லிட்டர் பாகும்
தார் ஆனது.

சிந்தாமணி மறுநாள் மத்தியானம்வரை சுரண்டினாள்.
"இப்பத்தான் இது வேலை செய்யுது," என்றாள்,
பாராட்டா, திட்டா, இன்றுவரை விளங்கவில்லை.
அன்று முதல் ஒரு சமையலறை மணி:
ஏழு நிமிஷத்துக்கு நான்கு கட்டை.
ஐந்தாவது கட்டையை எடுத்தால்
அவள் இருமுவாள்.

நோட்டுப் புத்தகத்தில் அவள் கையெழுத்து:
மார்ச், ஒன்பது மணி நேரம், நூற்றிமுப்பது கிலோ.
செப்டம்பர், ஐந்து மணி, ஐம்பத்தெட்டு கிலோ.
அடியில், சிறியதாக: ஊற்றியது, இல்லை.

நேற்று லோரிக்காரர் வீரப்பெருமாள்
போன் அடித்தார்.
"என்னண்ணே, கட்டையே கேக்கல,
வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

புகைபோக்கியில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன்.
சொட்டு உட்கார்ந்து,
கொஞ்சம் யோசித்து,
பிறகுதான் சுருங்கியது.

மணி ஒன்றரை.
நெகிழி நாற்காலியில்
கரண்டியைப் பிடித்தபடியே
அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அரை லோரி போதும்," என்றேன்,
அவருக்கு மட்டும் கேட்கும்படி.