நிலை அறிக்கை

பெட்டிகள் கூடத்தில்
ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் கிடந்தன,
விமானத்தின் குளிரும் லாரியின் குளிரும்
இறங்கட்டும் என்று.
வெளியே மில்வாக்கி, பிப்ரவரி,
ஏரி கண்ணுக்கெட்டியவரை கெட்டி.

பேரரசரின் சொந்தத் தோட்டத்துப் பொருட்கள்,
எண்ணிக்கை நாற்பத்தாறு.
துணைக்கு வந்தவர் சூ லான்ஃபென்.
சரக்கு விமானத்தில்
பந்தயக் குதிரைகளோடு போகிறவர்கள் உட்காரும் மடக்கு நாற்காலியில்
பதினான்கு மணி நேரம்.

என் வேலை குறை எழுதுவது.
அழகுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
கீறல் எத்தனை மில்லிமீட்டர்,
இடமா வலமா,
பழசா, நேற்றையதா.
மூங்கில் நாரை மயிரிழையாய்ச் சீவிப்
பூக்க வைத்திருந்த தடுப்பில்
இதழ் ஒன்று பெயர்ந்திருப்பதைத்தான்
நான் பார்க்க வேண்டும்.
பார்த்தேன்.

சுவரளவு பட்டில் ஒரு கதவு வரைந்திருந்தது.
திறந்த கதவு.
அதற்கப்பால் ஊதாக் கொடிப் பந்தல்,
பந்தலின் கீழே யாருமில்லை.
இரவுக் காவல் லுட்விக் வ்ரோனா
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
"இதற்கும் சாவி என்னிடம்தானா?" என்றான்.
டார்ச்சைத் தரைக்கு இறக்கச் சொன்னேன்.

பெட்டி பதினேழு: செஞ்சந்தன இருக்கை.
ஆண்டு முடித்த பிறகு
ஓய்ந்து உட்கார என்று சொல்லிச் செய்தது.
சூ விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்.
சாய்ந்த வெளிச்சத்துக்கு மரம் பொய் சொல்லாது.
கைப்பிடியில் தேய்மானம்?
இல்லை.
முதுகு படும் இடம்?
இல்லை.
அமருமிடம்?
கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை.
"இல்லை. எழுதுங்கள்."

பட்டத்தைக் கொடுத்தும் கொடுக்காமல்
கடைசிவரை
முத்திரையை மடியிலேயே வைத்திருந்தாராம்.

லுட்விக் சிரித்தான்.
பீர் ஆலையில் முப்பத்திரண்டு வருடம்.
ஓய்வு கொடுத்தார்கள், கடிகாரமும் கொடுத்தார்கள்.
பதினோரு நாள் வீட்டில் இருந்து பார்த்தான்.
பன்னிரண்டாம் நாள் காலை
எங்கள் வாசலில் விண்ணப்பத்தோடு நின்றான்.
"அந்த ஆள்மேல் எனக்குக் கோபமில்லை" என்றான்.

பெட்டி இருபத்திரண்டு: வாசல் நிலை.
கீழ்க்கட்டை முழங்கால் உயரம்.
மிதிக்கக் கூடாது, தாண்டத்தான் வேண்டும்,
அங்கே மிதிக்கிறவர் யாருமில்லை என்றார் சூ.
ஆனால் நடுவில் ஒரு பள்ளம்.
உள்ளங்கை அகலம்,
குழந்தையின் பிடரிபோல வழவழப்பு.

"காலா?"

"வாளி.
வராத ஒருவருக்காக
தினமும் தரை கழுவினார்கள்.
தண்ணீர் கனம்.
அந்தப் பக்கம் இறக்குமுன்
இங்கே ஒரு நொடி வைத்து மூச்சு வாங்கியிருப்பார்கள்."

"எந்த ஆவணத்தில் இருக்கிறது?"

"எதிலும் இல்லை.
நானும் மாடிக்கு வாளி தூக்கியவள்."

காரணம் என்ற கட்டம் மிகச் சிறியது.
வாளி என்று எழுதினேன்,
அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.

திறப்பு விழாவில்
எல்லோரும் இருக்கைக்கு எதிரே நின்று படமெடுத்தார்கள்.
நிலையின் பக்கம் வந்தவர்கள்
கோட்டு மாட்ட இடம் தேடியவர்கள்.

மே மாதம். ஏரி உடைந்து நீலமாகியிருந்தது.
சூ திரும்ப வந்தார், அதே விளக்கோடு.
ஒவ்வொன்றாய்ச் சாய்த்துப் பார்த்தோம்.
மாற்றமில்லை.
மாற்றமில்லை.
நான் கையெழுத்திட, அவர் கையெழுத்திட,
மாற்றமில்லை.

இருக்கையைப் பெட்டிக்குள் இறக்கிய பிறகுதான்
கண்ணில் பட்டது:
தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் புறம்
சாம்பல் கம்பளத்தில் ஒரு வழுக்கை.
மூன்று மாதக் காலணிகள்
நின்று, நகர்ந்து, நின்று,
உள்நூல்வரை தின்றிருந்தன.

சூ குந்தி உட்கார்ந்தார்.
கையுறையைக் கழற்றினார்,
நான் அவரது விரல்களைப் பார்ப்பது முதல் தடவை.
அந்த இடத்தை
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை
தடவிப் பார்த்து
"எழுதுங்கள்" என்றார்.

எந்தப் படிவத்தில் என்று நான் கேட்கவில்லை.
பேனாவைத் திறந்தேன்.
கம்பளத்தை மாற்றுகிறவர்கள்
வியாழக்கிழமை வருவதாக இருந்தது.