அறுபத்து நாலாவது ஆணி

ஓட்டை தெரியணும்னா
படகைத் தண்ணீரில் விடக் கூடாது,
தண்ணீரைப் படகில் விடணும்.

வண்டியூர்க் கண்மாய் வெடித்துக் கிடக்கிற சித்திரையில்
எழுநூறு ரூபாய்க்கு லாரித் தண்ணி.
நாலு தார் டின் மேல் ஏறி நிற்கிறது அலுமினியப் படகு,
தீயணைப்பு நிலையத்து ஏலத்தில்
என் கம்மலைக் கொண்டுபோய் அவன் எடுத்தது.
ஆளுக்கு முப்பது, ஞாயிற்றுக்கிழமைன்னா நூறு பேர்:
இந்தக் கணக்கை அடகுக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறான்,
என்னிடம் இல்லை.

பத்தொன்பது நாளாய்ப் பேச்சில்லை.

அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன்.
ஆணித் தலைகளில் வேர்வை மாதிரி பூக்கிறது.
மூட்டு நெடுக ஈரக் கோடு.
கண்ணில் ஒன்று, காதில் ஒன்று விழ விழ
சாக்பீஸால் வட்டம் போடுகிறேன்.
அறுபத்து மூன்று.
நாயன்மார் கணக்கு என்று சிரிப்பு வந்தது,
யாரிடம் சொல்ல.

தண்ணீரை முருங்கைக்கு வடித்துவிட்டு
மறுநாள் சுத்தியல்.
ஆணியை ஒற்றை ஆளாய் இறுக்க முடியாது.
உள்ளேயிருந்து ஒருத்தர் அடிக்கணும்,
வெளியே ஒருத்தர் இரும்புக்கட்டி வைத்துத் தாங்கணும்.
ஒரு தட்டு என்றால் பிடி.
இரண்டு என்றால் அடுத்தது.
மூன்று தட்டுக்கு அர்த்தம் எதுவும் வைக்கவில்லை,
ஆனாலும் நாற்பதாவது ஆணியில் தட்டினான்.
நான் பதில் தட்டவில்லை.

வைகை உடைப்பை அடைக்க வந்த இடத்தில்
பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினவன் முதுகில் விழுந்த அடி
ஊரில் எல்லார் முதுகிலும் விழுந்ததாம்.
இந்த அடி
என் தோளெலும்போடு நின்றுவிடுகிறது.

பிறகு கம்பி பிரஷ், தின்னர்,
சாம்பல் நிறப் பசை.
மருதாணிக் கூம்பு பிழிகிற மாதிரி
மூட்டோரம் பிழிந்து விரலால் வழித்தேன்.
ஒரு நாள் முழுக்க இறுகணும்.
டியூபில் படித்துத் தெரிந்துகொண்டது,
அவன் சொன்னதில்லை.

இன்றைக்கு இன்னொரு எழுநூறு.
மறுபடி அடியில் நான்.
காய்ந்த வட்டம், காய்ந்த வட்டம், காய்ந்த வட்டம்.
பின்பக்கம் எஞ்சின் பலகையோரம்
வட்டமே போடாத ஓர் ஆணியில்
மெல்லத் திரள்கிறது ஒரு சொட்டு.

மேலேயிருந்து, இருபத்திரண்டாம் நாள்,
தொண்டையைச் செருமிக்கொண்டு:
"ஏ ஒச்சம்மா, ஒழுகுதா?"

கட்டைவிரலை வைத்து
அழுத்திக்கொண்டு
யோசிக்கிறேன்.