இரண்டு வாளித் தூரம்

அம்பகாமத்துக்குப் போகும் பாதையில் எங்கள் விடுதி.
கிணற்றுக்கும் குசினிக்கும் இடையில்
நூற்றுப் பதினெட்டு எட்டு.
எண்ணியவள் நான்தான்.
இரவு பகலாய் அங்கே தங்குகிறவர்களில்
காது கேட்பவள் நான் ஒருத்தி.
வாளிக் கைப்பிடியின் கிறீச்சும்
தளும்பிய நீர் செம்மண்ணில் விழும் சொத்தென்ற சத்தமும்
எனக்கு மட்டும்.

எவ்வளவு அமைதியான பிள்ளைகள் என்று
வந்த புதிதில் நினைத்தேன்.
பிறகுதான் விளங்கியது:
இரண்டு கையிலும் வாளி.
முப்பத்தொரு பேர்
வாய் பொத்தப்பட்டு நடந்தார்கள்
காலையும் மாலையும்,
கிணறு வற்றும் ஆவணியில்
பவுசர் வந்து நிற்கும் றோட்டுவரைக்கும்.

மதுஷாளினி மட்டும்
பாதி வழியில் வாளிகளை இறக்கிவிடுவாள்.
ஏதாவது ஞாபகம் வந்திருக்கும்.
பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொண்டு நிற்பார்கள்,
அவள் சொல்லி முடிக்கும்வரை.
நான் அதட்டுவேன்.
என் புருவத்தைப் பார்த்துவிட்டு
இன்னும் ஒரு வசனம் சொல்லுவாள்.

இரவு ஒன்பது மணிக்கு ஜெனரேற்றர் நிற்கும்.
டீசல் கணக்கு என் கொப்பியில்.
ஒன்பதுக்கு ஒரு நிமிடம் முன்
எல்லாக் கைகளும் அந்தரப்படும்,
பஸ் வெளிக்கிட்ட பிறகு
யன்னலைப் பிடித்தபடி கூட ஓடுகிறவர்கள் மாதிரி.
பிறகு இருட்டு.
அறுந்த இடத்திலேயே கதையை விட்டுப் படுப்பார்கள்.
கவினுதன் மட்டும் தம்பியின் உள்ளங்கையில்
மிச்சத்தை விரலால் எழுதுவான்.

வைகாசியில் லொறி வந்தது.
கூரையில் பன்னிரண்டு தகடு,
கிணற்றுக்குள் மோட்டர்,
பாலை மரத்தருகே கறுத்தத் தாங்கி.
பூட்ட வந்த டிலக்சனுக்கு நாடியில் பழைய தையல்.
முதல் நாளே அதுதான் அவனுக்குப் பெயர்:
நாடியில் விரலால் மூன்று கீறல்.
(நான் இடுப்பில் ஆடும் சாவிக்கொத்து.)
மோட்டருக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்,
குழாயில் உள்ளங்கை, பிறகு நெஞ்சில்.

தாங்கி வழிந்தால் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று
மாங்குளம் போன ஒருநாள்
பாதிச் சாமானோடு ஓடிவந்தேன்.
குழாயில் முதுகைச் சாய்த்து
மாங்காய் தின்றுகொண்டிருந்தான் கவினுதன்.
எப்போதோ நிறுத்திவிட்டானாம்.
தண்ணீர் நிரம்பும்போது
அதிர்வு தடித்துப் போகும் என்றான்.
நான் கைவைத்துப் பார்த்தேன்.
எனக்கு வெறும் குழாய்.

முதலிரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம்.
ஏதோ அழகாகச் சொல்லப்போகிறார்கள் என்று
கதவடியில் காத்து நின்றேன்.
சண்டை பிடித்தார்கள்.
மாசியில் காணாமல்போன சிவப்பு றிபனுக்காக
மூன்று மாதமாய் ஒன்பது மணிக்கு ஒன்பது மணி
பாதியில் நின்ற சண்டை.
பத்தேகாலுக்கு ஆளியில் கைவைத்தேன்.
வைத்த கையை எல்லாரும் பார்த்தார்கள்.
நான் டீசல் இல்லை.
கையை எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஐந்து நாள் வெயில் இல்லை.
பற்றரியில் ஒரேயொரு கோடு.
மோட்டர் என்று பலகையில் எழுதினேன்.
மதுஷாளினி வந்து அழித்தாள்.
லைற் என்று எழுதவும் இல்லை,
திரும்பி நின்று
மற்றவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.
எண்ணவேண்டி இருக்கவில்லை.

விடிய மழை கொஞ்சம் விட்டிருந்தது.
கிணறு குனிந்தால் தொடும் உயரத்தில்.
மறுபடி வாளி.
ஆனால் யாரோ காட்டுக்கரையில்
வீரைத் தடிகள் முறித்து வந்திருந்தார்கள்.
தோளில் தடி, நடுவே வாளி,
ஒரு கை தடிக்கு, ஒரு கை கதைக்கு.
ஒற்றைக் கையில் பேச்சுக் கொஞ்சம் கொன்னைதான்,
விளங்கும்.
முன்னால் போகிறவள்
பின்னால் வருகிறவளின் கையைப் பார்க்கவேண்டுமே,
அதனால் முதுகுப்பக்கமாகவே நடந்தாள்
நூற்றுப் பதினெட்டு எட்டும்,
வேருக்கு வேர் தடக்கி, சிரித்து.
பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போனது.
மிச்சம் எங்கே என்று
நான் கேட்கவில்லை.