தனிவட்டி

பீடி சுத்துகிறவள் பிள்ளைக்கு
சர்க்கார் வருசம் ஒரு தடவை
ஆயிரத்து ஐநூறு போடும்.
எந்த மாசம் என்று கேட்டால்
ஈ-சேவைப் பையன் மேலே பார்க்கிறான்,
மழையைப் பற்றிக் கேட்டதுபோல.

முதல் வருசம் வரவே இல்லை.
ஆதாரில் பிரமசக்தி,
பாஸ்புக்கில் பிரம சக்தி.
நடுவே ஒரு விரற்கடை இடைவெளி.
அதற்குள் விழுந்த பணத்தை
இன்னும் யாரும் எடுத்துத் தரவில்லை.

அடுத்த வருசத்திலிருந்து வந்தது.
மரியபுஷ்பம் தன் மகன் பணத்தில்
சிலிண்டர் மாற்றினாள்.
"சோறு அவனுந்தானே திங்கான்" என்றாள்.
தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை.
சீதேவி சீட்டில் போட்டாள்,
சீட்டுக்காரி ஒரே ராத்திரியில் திருப்பூர் போய்விட்டாள்.
நான் தொடவில்லை.
தொடாமல் இருப்பதும் ஒரு வேலை.
மோட்டாருக்குக் காயில் கட்டணும் என்று
வீட்டுக்காரர் மூன்று நாள் பாஸ்புக்கைத்
தலைமாட்டில் வைத்துப் படுத்தார்.
நாலாம் நாள் அவரே கொண்டுவந்து
அரிசி டின்னுக்குள் போட்டார்.

பிறகு அந்த மார்கழி.
முக்கூடல் தெருவுக்குள் ஆறு வந்து
நடுவீடு வரை நடந்தது.
பிள்ளைகளைப் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றினோம்,
இலை மூட்டையை ஏற்றவில்லை.
தண்ணீர் வடிந்தபோது
தூள் சேறாகிக் கிடந்தது.
கடைக்காரர் நல்ல மனுசன்தான்.
"உசுரு தப்பிச்சுதே, அது போதும்" என்றார்,
என்றுவிட்டு எழுதினார்:
இலை, தூள், மூவாயிரம்.

பேங்குக்கு அவளையும் கூட்டிப்போனேன்.
சீட்டில் அவள்தான் எழுதினாள்.
பெயரைச் சேர்த்து எழுதிவிட்டு
ஞாபகம் வந்து அடித்து,
பிரித்து எழுதினாள்.
வெளியே வந்ததும் கேட்டாள்:
"எம்மா, இது கடனா, சும்மாவா?"
வெயிலில் நின்று யோசித்தேன்.
"கடன்தாம்ட்டி."

ஏழாம் வகுப்பில் தனிவட்டி நடத்தினார்கள்.
சொந்தமாக ஒரு கணக்கு அமைத்துத்
தீர்த்துவரச் சொன்னார்களாம்.
நோட்டைப் பார்த்தேன்.
அசல் 3000. காலம் ஓராண்டு. வீதம் 12.
கடன் பெற்றவர்: ஒரு தாய்.
வட்டி 360.
பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு 'சரி'.
டீச்சருக்கு அது கணக்கு.

"பன்னெண்டு எதுக்குட்டி? பேங்கே மூணுதான தருது."
"குழுவுக்கு நீ இருபத்திநாலு கட்டுதேல்லா?"

முன்னூற்றி அறுபது.
நாளைக்கு ஒரு ரூபாய்.
ஒரு ரூபாய்க்கு நாலு பீடி.
ஐந்து நாள் மிஞ்சுகிறது:
முத்துமாலையம்மன் கொடைக்கு மூன்று,
பொங்கலுக்கு இரண்டு.
இப்போது ஆயிரம் எண்ணி முடித்தாலும்
சுளவை ஒதுக்குவதில்லை.
ஆயிரத்து நாலாவதின் வாயை மடக்கும்போது
நகக்கண் கூடக் கொஞ்சம் வலிக்கும்.
அதில் ஒரு நிறைவு உண்டு,
வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.
அசலுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

போன வாரம் பாஸ்புக்கில் வரவு பதிந்து வந்தோம்.
வரவு ஒன்றுமில்லை,
இருபத்திமூன்று ரூபாய் அறுபது பைசா
குறைந்திருந்தது.
குறுஞ்செய்திக் கட்டணமாம்.
எனக்கு எந்தச் செய்தியும் வந்ததில்லை.

பிரமசக்தி நோட்டின் கடைசிப் பக்கம் திருப்பினாள்.
என் பெயருக்குக் கீழே
பேங்கின் பெயரை முழுசாக எழுதினாள்,
கிளை: முக்கூடல் என்பது வரைக்கும்.
வீதம் என்ற இடத்தில் பேனாவை ஊன்றிக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.

"நீயே போடு" என்றேன்.