நான்கு மில்லிமீட்டர்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து
கால்டாஸ் கல்லூரியின் பட்டறைக் கதவைத் திறந்தபோது
மண் அச்சு இயந்திரத்தின் மூக்கில்
வேறு மண்.

நாங்கள் வாங்குவது வெள்ளை.
மூட்டையில் வரும், ரசீதோடு.
இது பழுப்பு,
சாலையோரக் குட்டையின் வாடை.

இயோலாண்டா குனிந்தாள்.
நான்கு மில்லிமீட்டர் துளையை
நான்கே மில்லிமீட்டரில் அடைத்திருந்தது ஒரு குளவி.
எங்களுக்கு அந்த அளவு பிடிபட
இரண்டு பருவங்கள் ஆயின.

வியாழக்கிழமை தேர்வு.
கணினியில் தயாராய் நின்றது அவள் ஜாடி:
ஓபிதுஷ் காயலின் ஓராண்டு நீர்மட்டம்,
நாளுக்கு ஒரு சுற்று,
முந்நூற்று அறுபத்தைந்து சுற்று.

"கம்பியால் குத்து" என்றார் கருவி அறை வால்டெமார்.
கம்பியும் கொடுத்தார்.
அவள் கைபேசி விளக்கைப் பிடித்தாள்.
நிறமற்ற பிளாஸ்டிக்குக்குள்
ஆறு குட்டிச் சிலந்திகள்,
சாகவுமில்லை, அசையவுமில்லை.
ஒன்றின் வயிற்றில்
ரவையளவு முட்டை.

மாதக்கணக்கில் கொட்டிய மூக்கு;
இப்போது அதற்குள்
கொட்டப்போகிற ஒன்று.

திருகிக் கழற்றி
ஜன்னலோரம் வைத்தாள்.
புதிய மூக்கு லிஸ்பனிலிருந்து வர ஒன்பது நாள்.

கீழ்த்தெரு பேக்கரியில் கிரீம் பிழியும் பை இரவல் கிடைத்தது.
நான் திரையைப் பார்த்து எண் சொல்ல
அவள் பிழிந்தாள்.
ஜனவரி பதினொன்று, கொஞ்சம் உள்ளே.
மார்ச் நான்கு, வெளியே, இன்னும் வெளியே.
ஆகஸ்டில் அவள் மணிக்கட்டு நடுங்கியது.
காயலில் அப்படியோர் அலை அடித்ததே இல்லை.
அக்டோபரில் நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன்.
இன்றுவரை சொல்லவில்லை.

தேர்வாளர் ஜாடியைச் சுற்றி வந்தார்.
"இதில் தொழில்நுட்பம் எங்கே?"
அவள் ஜன்னலைக் காட்டினாள்.
பதின்மூன்று மதிப்பெண், இருபதுக்கு.

ஜூனில் ஒரு காலை
அடைப்பின் நடுவே வட்டமாய் ஓர் ஓட்டை.
சிலந்திகளின் கால்கள் மட்டும் மிச்சம்.
போனதை யாரும் பார்க்கவில்லை;
வால்டெமார் மட்டும்
பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதிய மூக்கு பெட்டி பிரிக்காமல் கிடந்தது.
அவள் பழையதையே எடுத்து,
கழுவாமல்,
இயந்திரத்தில் மாட்டினாள்.

முதல் வரி ஒரு பக்கம் நசுங்கி வந்தது.
"நிறுத்தட்டுமா?" என்றேன்.

வேகத்தைக் குறைத்தாள்.