ஆளுக்கொரு கால்

கமராவுக்கு மூன்று கால்.
பிடிக்க வந்த பிள்ளைகளும் மூன்று பேர்.
சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு
சோபாவை யன்னல் பக்கம் இழுத்தார்கள்.
படம் நாலு நிமிடமாம். பள்ளிக்கூடத்துக்கு.
"உங்கட பதினெட்டு வயசைப் பற்றிச் சொல்லுங்கோ, ஆன்ட்டி,"
மனனம் பண்ணி வந்ததைத் தடக்காமல் சொன்னாள் ஆரபி.
இரண்டாம் கேள்வியிலிருந்து ஆங்கிலம்.

கெவினின் தாளில் "கப்பல்?" என்று எழுதி
பக்கத்தில் ஒரு கண்ணீர்த்துளி கீறியிருந்தது.
நான் வந்தது விமானத்தில், மகன்.
கோழியா மீனா என்று கேட்டார்கள்,
விளங்காமல் இரண்டுக்கும் ஓம் என்றேன்,
இரண்டும் தந்தார்கள்.
திவிஷ் சிரித்தான். பிறகு மரியாதையாக,
இதை வெட்ட வேண்டிவரும் என்றான்.

அதனால் கராஜைச் சொன்னேன்.
தொண்ணூற்று மூன்று, ஸ்காபரோ.
பதினாலு மாடிக் கட்டடத்தின் அடியில்
கார் இல்லாதவர்களுக்கான கார் தரிப்பிடம்.
நானும் நந்தரூபியும் மஃபின் தொழிற்சாலையில் இரவு வேலை.
விடிய ஐந்தரைக்கு வந்து இறங்கினால்
தலைமயிரெல்லாம் வெனிலா,
கண்ணில் ஒரு பொட்டு நித்திரை இல்லை.
குப்பை அறையில் யாரோ எறிந்த ரோலர் ஸ்கேட்ஸ்,
வெள்ளை, லேஸ் இல்லை.
மஃபின் பெட்டி கட்டும் நைலோன் கயிற்றால் இறுக்கினோம்.
ஒரு சோடி. நாங்கள் இரண்டு பேர்.
ஆளுக்கொரு கால்.

நான் இடப்பக்கம், வலக்காலில் சில்லு.
அவள் வலப்பக்கம், இடக்காலில் சில்லு.
வெளிக்கால் இரண்டிலும் பாட்டா செருப்பு, அதால் உந்துவது.
ஒருத்தி இடுப்பில் ஒருத்தி கை.
எழும்பிக் காட்டினேன்.
சட்டையில் குத்தியிருந்த மைக் கழன்று தேத்தண்ணிக்குள் விழுந்தது.

எத்தனை தரம் விழுந்தீர்கள் என்று கேட்டாள் ஆரபி.
விழவில்லை.
காயம்?
ஒருக்காலும் விழவில்லை, பிள்ளை.
மூவரும் ஆளையாள் பார்த்தார்கள்.
விழாதவளை வைத்துக்கொண்டு நாலு நிமிடத்தை எப்படி முடிப்பது?

யூன் மாதம், நூலகத்தில் திரையிட்டார்கள்.
ஆரபிதான் நான்.
இரட்டைப் பின்னல்; அப்போது நான் மயிரை
காதளவுக்கு வெட்டியிருந்தேன்.
இரண்டு காலிலும் ஸ்கேட்ஸ்.
தலையில் ஹெல்மெட், பள்ளிக்கூட விதி.
தொண்ணூற்று மூன்றில் ஹெல்மெட் போட்ட நான்
தனியாக வருகிறேன் தூண்களுக்கு நடுவே.
நந்தரூபிக்கு ஆள் கிடைக்கவில்லையாம்.
மூன்றாம் நிமிடத்தில், பியானோவோடு சேர்ந்து,
நான் விழுகிறேன்.
மெதுவாக. இரண்டு கோணத்தில்.

நல்லாய்த்தான் எடுத்திருந்தார்கள்.
எனக்கே தொண்டை அடைத்தது.
வெளியே வர, யாரோ ஒருவரின் தாய்
என் முழங்காலைப் பார்த்துக் கேட்டார்:
"பனிக்காலத்தில இப்பவும் நோகுமோ?"
கொஞ்சம், என்றேன்.

கமராவுக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது.
நந்தரூபி எட்மண்டனில்.
பதினொரு வருடமாகக் கதை இல்லை.
சீட்டுக்காசு, இரண்டாயிரத்து நானூறு டொலர்.
யாரில் பிழை என்று எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியும், வேறு மாதிரி.

ஆரபி அனுப்பிய படத்தை
மூன்று நாள் வைத்திருந்து
ஒரு சொல்லும் எழுதாமல் அவளுக்குத் தட்டிவிட்டேன்.
இரவு பன்னிரண்டுக்கு போன் மினுங்கியது.
சுகமோ என்றில்லை. காசைப் பற்றியில்லை.
"ஆரடி விழுந்தது?" என்று ஒரு வரி.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று:
"வலப்பக்கம் நிண்டது நீ. இடக்கால்தான் உனக்கு."

விசரி. முப்பது வருடமாக எனக்குத் தெரியாதா?

குசினி லைட்டைப் போட்டேன்.
ஃபிரிட்ஜின் வலப்பக்கம் போய் நின்று
அதன் இடுப்பில் கை வைத்து
மெல்ல
இடக்காலைத் தூக்கிப் பார்க்கிறேன்.